கையெழுத்துப் போடப் போகும் வழி

கல்யாண வீடுகளில் என் கணவரின் சொந்தக்காரர்கள் என்னை அறிமுகம் செய்துவைக்கும்போது "கவர்மெண்டுல இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். எந்தத் துறை என்று யாராவது கேட்டுத் தொலைத்தால் பேச்சு உடனே பந்தியில் ஊற்றிய சொதியின் ருசி பக்கம் திரும்பிவிடும். நான் நன்னடத்தை அலுவலர். ஆயுள் கைதி ஒருவன் பரோலில் வீட்டுக்கு வர மனுப் போட்டால், அவன் ஊருக்குப் போய், விடலாமா கூடாதா என்று விசாரித்து எழுதுவது என் வேலை. "கொலைகாரன் வீட்டுல போயி காப்பி குடிச்சிட்டு வாரா" என்பாள் என் நாத்தனார். பொய்யில்லை, குடித்திருக்கிறேன். வெட்டுப்பட்டுச் செத்தவன் வீட்டிலும் குடித்திருக்கிறேன். இரண்டு வீட்டிலும் கருப்பட்டிக் காப்பிதான்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஒதுக்கப்பட்டிருந்த எல்லை மணிமுத்தாறு மலையடிவாரத்தில் தொடங்கி, ஆற்றை ஒட்டியே கிழக்கே வெகுதூரம் போகும். ஜீப் கிடையாது. டவுன் பஸ், மினி பஸ், அதற்கப்புறம் நடை. ஊரில் போய் இறங்கினால் முதலில் என்னைக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்தவள் என்று நினைத்துப் பெண்கள் கதவைச் சாத்துவார்கள். இல்லை, ஜெயிலில் இருந்து வருகிறேன் என்றால் இன்னொரு கதவும் சாத்திக்கொள்ளும். இப்படி ஒருத்தி போய், ஒரு பகல் பொழுதுக்குள் ஒரு ஊரின் மனசைத் தெரிந்துகொண்டு, சாயங்கால பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வந்து, "இவனால் ஆபத்தில்லை, இவனுக்கும் ஆபத்தில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யார் வகுத்த ஏற்பாடோ, அவர் கிராமத்தைக் கண்ணால் பார்த்தவராக இருக்க முடியாது.

நான் சொல்ல வந்தது ஒரு அம்மாளையும் அவள் மகனையும் பற்றி. பணி ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடாமல் பின்னாலேயே வருகிறவர்கள் அவர்கள்தான்.

அந்த ஊர் வாய்க்கால் ஓரம். முறைத்தண்ணீர் பாய்ச்சுகிற தகராறில் ஒரு விடிகாலையில் பங்காளிகள் இரண்டு பேர் மடையில் மல்லுக்கட்ட, ஒருவன் மம்பட்டியால் மற்றவனை அடித்துவிட்டான். செத்தவன் கல்யாணம் ஆகாதவன். அடித்தவனுக்கு ஆயுள். அவன் பெண்டாட்டி கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏரலுக்குத் தாய்வீடு போனாள், போனவள்தான். ஏழெட்டு வருஷமாக வீட்டில் அம்மா மட்டும். அவள் தொழுவத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தாள். இனி எழுந்திருக்க மாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன்பேரில்தான் அவன் மனு.

நான் போனபோது அந்த அம்மாள் நார்க்கட்டிலில் கிடந்தாள். ஆள் பாதியாக வற்றியிருந்தாலும் குரல் கணீரென்று இருந்தது.

"யம்மா, எனக்கு அவன ஜெயில்ல இருந்து ஒரேடியா விட்டுருங்கன்னு கேக்கல. செஞ்சதுக்கு அனுபவிக்கட்டும். நான் கண்ண மூடுத நேரத்துல அவன் கை எங்கையில இருக்கணும். அம்புட்டுதான். அதுக்கு என்ன எழுதணுமோ எழுதுங்க."

எழுதுகிறேன் என்றேன். அடுத்து எதிர்வீட்டுக்குப் போனேன். எதிர்வீடு என்றால் நிஜமாகவே எதிர்வீடு. செத்தவனின் தம்பி வயலில் இருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவன். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"வரட்டும்," என்றான்.

"உங்களுக்கு ஆட்சேபணை இல்லையா?"

"என்னத்துக்கு ஆட்சேபணை? பெரியம்மாவுக்கு வேற யாரு இருக்கா? வரட்டும்."

என் அனுபவத்தில், வரட்டும் பார்த்துக்கொள்கிறோம் என்று குதிக்கிறவனைப் பற்றிப் பெரிய பயமில்லை. கத்தித் தீர்த்துவிடுவான். இப்படி அமைதியாகத் தலையாட்டுகிறவனிடம்தான் பயம். அரிவாளைத் தீட்டிக் கூரை எரவாணத்தில் செருகி வைத்துவிட்டு "வரட்டும்" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். அதனால் அவனை நான் நம்பவில்லை. குடைந்து குடைந்து கேட்டேன். அவன் எரிச்சலாகி, "என்னம்மா நீங்க, வரட்டும்னு சொன்னா வரட்டும்தான். திருப்பித் திருப்பிக் கேக்கிய?" என்றான்.

கிளம்பும்போது அவனே வாய்க்கால் கரை வரைக்கும் கூட வந்தான். மெயின் ரோட்டுக்கும் பஸ்ஸுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அந்த ஊருக்கு இருந்த ஒரே வழி அந்தக் கரைதான். ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வயல், நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். மடைக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பீடம் நின்றது. புதுசாய்ச் சுண்ணாம்பு அடித்துக் காவிப்பட்டை போட்டிருந்தார்கள். காய்ந்த அரளிமாலை ஒன்று கிடந்தது.

"அண்ணன்," என்றான்.

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. ஆயுசு முடியாமல் அடிபட்டுச் செத்தவனுக்கு அவன் விழுந்த இடத்திலேயே பீடம் போடுவார்கள். வருஷத்துக்கு ஒரு கொடை விழா. கொஞ்ச காலத்தில் அவன் சாமி. செத்தவன் இப்போது அந்த ஊருக்குத் தண்ணீர் காக்கிற சாமி என்றான் தம்பி. மடை திறக்கிறவர்கள் அவனிடம் கேட்டுவிட்டுத்தான் திறப்பார்களாம்.

"பெரியம்மா விழுறது வரைக்கும் வெள்ளிக்கு வெள்ளி இங்கன வெளக்குப் போட்டது அவியதான். நான் ஒண்ணும் சொல்லிக்கிடுறதில்ல."

பஸ்ஸில் வரும்போது எனக்கு அந்த அரளிமாலைதான் கண்ணில் நின்றது. பரோலில் வருகிறவன் தினமும் காலையில் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அது பொது நிபந்தனை. ஊரை விட்டு ஓடாமல் இருக்க. அப்படியென்றால் இவன் தினமும் அந்த மடையைத் தாண்ட வேண்டும், போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. தான் அடித்துப் போட்ட இடத்தில், தான் அடித்துப் போட்டவன் சாமியாக நிற்கிற இடத்தில். தம்பி அரிவாளோடு காத்திருக்க வேண்டும் என்றாலும் அதைவிட வாகான இடம் கிடையாது. பரோல் கொடுக்கலாம் என்று எழுதினேன். கையெழுத்தை மட்டும் ஊருக்குள்ளேயே கிராம நிர்வாக அலுவலரிடம் போட அனுமதிக்கலாம் என்றும் எழுதினேன். ஆணை வந்தது. பரோல் உண்டு. தினசரி காவல் நிலையத்தில் கையொப்பம். என் சிபாரிசை யாரும் மறுக்கக்கூட இல்லை, படிக்கவே இல்லை.

எனக்குக் கோபம் வந்தால் காது சிவந்துவிடும். மேலதிகாரி முன்னால் சிவந்த காதோடு போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை, ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தவர்.

"எதிர்த்தரப்புல ஆட்சேபணை இல்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கிய? பிறகு எதுக்கு ஸ்டேஷன மாத்தணும்?"

"அந்த வழியில அவன் போக முடியாது சார்."

"யாரு தடுக்கா?"

"பீடம் இருக்கு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அம்மா, பேய்க்குப் பயந்து கண்டிஷன மாத்துங்கன்னு நான் மெட்ராசுக்கு எழுதட்டுமா? நல்லா இருக்கும்."

"பேய்ன்னு எழுதாதீங்க. உயிருக்குப் பயம்னு எழுதுங்க."

"யாரால பயம்னு கேப்பானே. யாரு பேரப் போட?"

அவர் கேட்டது நியாயம்தான், அதுதான் இன்றைக்கும் எரிகிறது. உயிரோடு இருக்கிறவனால் வரும் ஆபத்துக்குத்தான் எங்கள் சட்டத்தில் இடமுண்டு.

அவன் வந்தான். ரெண்டொரு நாள் கழித்து நான் அந்த ஊருக்குப் போனபோது அம்மாளின் முகம் தெளிந்திருந்தது. மகன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். நல்ல உயரம், ஜெயிலில் நெசவுப் பிரிவில் இருந்து இருந்து கூன் விழுந்திருந்தது. அம்மாள் ஒவ்வொரு வாய்க்கும் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் விழுங்கினாள். பார்க்க நிறைவாக இருந்தது. நாம் செய்கிற இந்தப் பிழைப்பிலும் ஒரு புண்ணியம் இருக்கிறது என்று அந்த நிமிஷம் நினைத்தேன்.

கையெழுத்துப் போடக் கிளம்பினான். நானும் பஸ்ஸுக்குப் போகிறவள்தானே, சேர்ந்து நடந்தோம். கரையில் ஏறியதும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டான். வெயிலுக்கு என்று நினைத்தேன். மடை நெருங்க நெருங்க அவன் நடை தேய்ந்தது. கடைசியில் நின்றேவிட்டான்.

"என்னப்பா?"

"நீங்க முன்னால போங்கம்மா. நான் பைய வாரேன்."

"யாரும் இல்லையே, என்ன பயம்?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஜெயில்ல இத்தன வருசத்துல ஒரு நாளு வந்ததில்லம்மா. அந்தச் சொவரத் தாண்ட மாட்டான்போல. இங்கன நான் வந்து எறங்குன அன்னிக்கே வந்துட்டான்."

"யாரு?"

"அங்கன நிக்கான்."

"என்ன செய்யுதான்?"

"ஒண்ணும் செய்யல. வய்ய மாட்டுக்கான், அடிக்க மாட்டுக்கான். மடைகிட்ட நின்னு என்னையப் பாக்கான். அன்னிக்கும் அப்பிடித்தான் நின்னான். தண்ணி கொஞ்சம் விடுலேன்னு கேட்டுக்கிட்டு நின்னான்."

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. காலையில் நெல்லையப்பரை நினைத்துத் திருநீறு பூசுவதோடு என் பக்தி முடிந்தது. ஆனால் அன்று பத்து மணி வெயிலில், ஆள் நடமாட்டம் இல்லாத அந்தக் கரையில், அவனைப் பின்னால் விட்டுவிட்டு நான் பீடத்தைத் தாண்டியபோது என் நடை தானாக வேகமெடுத்தது. வாய்க்கால் தண்ணீர் மடைவாயில் களக் களக் என்று விழுந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தோன்றியது, பார்க்கவில்லை. அவன் வயலுக்குள் இறங்கி, முழங்கால் சேற்றில் சுற்றிக்கொண்டு வந்து ரோட்டில் ஏறினான். வயல்காரன் கண்டால் காலை ஒடிப்பான்.

ஸ்டேஷனில் எழுத்தரும் ஒரே ஒரு காவலரும்தான் இருந்தார்கள். மாவட்டம் முழுக்க அப்போது சாதிக் கலவரம், இருந்த போலீஸ் எல்லாம் பந்தோபஸ்துக்குப் போயிருந்தது. அந்தக் காவலரைச் சைக்கிளில் ஊருக்கே அனுப்பிக் கையெழுத்து வாங்கக் கூடாதா என்று எழுத்தரிடம் கேட்டேன்.

"மேடம், ஒரு ஆள வச்சு நான் ஸ்டேஷனப் பாக்கவா, இவன் வீட்டுக்குப் போயி கையெழுத்து வாங்கவா? ஆர்டர்ல என்ன இருக்கோ அதத்தான் நான் செய்ய முடியும்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாலைந்து நாளாக வீட்டுக்குப் போகாத முகம் அது.

எத்தனையோ துறைக் கூட்டங்களில், கேட்பதற்கு ஆள் இருக்கிறதோ இல்லையோ, நான் எழுந்து சொல்லியிருக்கிறேன். கைதியை வெளியே விடும் முன் ஊரில் இருக்கும் அவன் எதிரியிடம் ஆட்சேபணை கேட்கிறோம், ஊர்த் தலைவரிடம் கேட்கிறோம், போலீஸிடம் கேட்கிறோம். அவனிடம் ஒரு வார்த்தை, உனக்கு என்ன பயம் என்று கேட்கிறோமா? உள்ளே இருக்கும்போதே நாலு நாள் உட்காரவைத்துப் பேசி, அந்த வழியை அவன் மனதால் ஒரு தடவை நடந்து பார்க்கவைத்துவிட்டு அனுப்பக் கூடாதா? கையெழுத்து எங்கே போடுவது என்பதை அந்த ஊரைக் கண்ணால் பார்த்த அலுவலர் முடிவு செய்யட்டுமே. தாலுகாவுக்கு ஒரு ஆளாவது போடுங்கள், ஒரு மொபெட்டாவது கொடுங்கள், நான் அவனோடு தினமும் நடந்திருப்பேன். "நல்ல ஆலோசனை" என்பார்கள். காப்பி வரும். கூட்டம் முடிந்துவிடும்.

ஒரு நாள் காலை ஸ்டேஷனில் இருந்து போன். "மேடம், ஒங்க ஆளு கையெழுத்துக்கு வரல. ஓடிட்டான்போல."

எனக்கு முதலில் தோன்றியது தம்பியின் முகம். மடைப்பக்கம் தேடுங்கள் என்று மட்டும் சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதே அடுத்த போன், சிறையில் இருந்து. அவன் அங்கே வாசலில் உட்கார்ந்திருக்கிறானாம். உள்ளே விடுங்கள் என்று அழுகிறானாம்.

ஓடினேன். வேப்பமர நிழலில், பெரிய கதவைப் பார்த்துக் குத்தவைத்திருந்தான். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. வாசல் காவலர் என்னிடம் வந்து புலம்பினார், "பரோல் இன்னும் முடியல, ஆர்டர் இல்லாம எப்பிடி எடுக்க? போலீசு புடிச்சிக் கொண்டாந்தா வேற விசயம்."

அதாவது உள்ளே போக வேண்டும் என்றால் அவன் தப்பி ஓட வேண்டும். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத இடங்களில் என் வேலை என்னை அடிக்கடி நிறுத்தியிருக்கிறது.

அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எழுந்திரு. அம்மா தேடும். நான் கூட வாரேன்."

"முடியாதும்மா. நேத்து வீட்டுக்குள்ள வந்துட்டான்."

"ஏம்ப்பா, அது உன் மனசு."

"இருக்கட்டும். கட்டிலுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கான். அம்மா ஒரு கைய நான் புடிச்சிருக்கேன், மறு கைய அவன் புடிச்சிருக்கான். அம்மா அவனப் பாத்துச் சிரிக்கா." அவன் பல் கிட்டித்தது. "எனக்கு உள்ள போகணும். சொவத்துக்குள்ள போகணும்."

கெஞ்சினேன், அதட்டினேன், கையைப் பிடித்து இழுத்தேன். மரவேரைக் கட்டிக்கொண்டான். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, இவனைக் கூட்டிப்போக ஒரே ஒரு ஆளால்தான் முடியும். தம்பியே வந்து, வாடா என்று சொன்னால் வருவான். வாசல் காவலரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஜங்ஷனில் பஸ் பிடித்தேன். வழியெல்லாம், அந்தத் தம்பியிடம் எந்த வாயால் இதைக் கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

அவன் தன் வீட்டில் இல்லை. எதிர்வீட்டில் இருந்தான். பெரியம்மாவுக்குக் காலையில் இருந்தே மூச்சு வாங்குகிறது என்று தெருப்பெண்கள் நாலு பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். தம்பி தலைமாட்டில் உட்கார்ந்து வாயில் சங்கால் பால் விட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், என் பின்னால் வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை என்று தெரிந்தது. மறுபடி பால் விடக் குனிந்தான்.

அம்மாள் கண்ணைத் திறக்கவே இல்லை. கை மட்டும் பாயின் மேல் எதையோ துழாவியது. அந்தக் கணீர்க் குரல் காற்றாகிப் போயிருந்தது.

"ஏலே. கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டியாலே?"

தம்பி சங்கைக் கீழே வைத்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். பிறகு துழாவுகிற அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

"வந்துட்டேம்மா," என்றான். பெரியம்மா என்று சொல்லவில்லை.

"சாப்புட்டியா?"

"சாப்புட்டேன்."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மத்தியானம் உயிர் போகும் வரைக்கும் அவன் அந்தக் கையை விடவில்லை. சாயங்காலம் கொள்ளி வைத்தவனும் அவன்தான். பங்காளி முறையில் அவன்தானே வைக்க வேண்டும். ஆற்றங்கரையில் எல்லாம் முடிந்து தலை துவட்டிக்கொண்டிருந்தவனிடம், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"என்னம்மா கேள்வி இது? ஒரு பொம்பள சாகப்போற நேரத்துல எம்மகன் வந்தானான்னு கேக்கா. வரலைன்னா சொல்லச் சொல்லுதிய?"

இதற்கிடையில் போலீஸ் சிறை வாசலுக்குப் போய், கையெழுத்துப் போடத் தவறியதற்காக அவனைப் பிடித்து, அந்தக் கதவுக்குள்ளேயே ஒப்படைத்திருந்தார்கள். மறுநாள் சேதி சொல்ல நான்தான் போனேன். அம்மா இறந்துவிட்டாள் என்றதும் அவன் தலையை ஆட்டினான், எதிர்பார்த்த மாதிரி.

"என்னையத் தேடுனாளாம்மா?"

"தேடுனா. நீ வந்துட்டன்னு நினைச்சுதான் போனா."

"எப்பிடி நினைப்பா? நான்தான் இல்லையே."

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் என்றைக்கிருந்தாலும் ஊரில் இருந்து யாராவது வந்து சொல்லத்தான் போகிறார்கள். அதனால் சொன்னேன். யார் கையைப் பிடித்தது, யார் வந்துட்டேம்மா என்று சொன்னது, யார் கொள்ளி வைத்தது, எல்லாம்.

கம்பியைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

"எனக்கு இனிமே பரோல் வேண்டாம்மா. விடுதலையும் வேண்டாம். எழுதிருங்க."

"அந்தத் தம்பி ஒண்ணும் செய்ய மாட்டான்ப்பா. உனக்கே தெரியுதுல்ல?"

"அதாம்மா. செத்தவன் முன்னாலகூட என்னிக்காவது நின்னுருவேன். இவன் முன்னால எப்பிடிம்மா போயி நிப்பேன்?"